லிங்கத்திலிருந்து நிலைக்கண்ணாடிக்கு: ஸ்ரீ நாராயண குருவின் சமய வாழ்வு

சக்குபள்ளம்: ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த சக்குபள்ளம், குமுளி முதலிய இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இம்மாவட்டத்துக் குரு மந்திரங்களில் அமர்ந்த கோலத்தில் வழிபடப்படுபவர் ஸ்ரீ நாராயண குரு. அவரோ தம் வாழ்நாளிலேயே உருவ வழிபாட்டைப் படிப்படியாகக் கடந்து சென்றவர்.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ஆம் ஆண்டு ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். திருவிதாங்கூரின் பெருங்கோயில்களுக்குள் அச்சமூகத்தினர் நுழைய முடியாத காலம் அது. சமஸ்கிருதம் கற்றுத் தேர்ந்தபின் தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தார். தமிழ்ச் சைவத்தில் ஆழத் தோய்ந்த அவர், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்தார். கேரளச் சீர்திருத்தவாதியாக மட்டுமே அவரை அறிந்த தமிழர்கள் பெரிதும் கவனியாத பக்கம் இது.

1888 சிவராத்திரியன்று, நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புறத்தில் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட செயல் அது. எதிர்ப்பு எழுந்தபோது, தாம் நிறுவியது ஈழவர்களின் சிவனையே என்று அமைதியாகப் பதிலளித்தார். வாதத்துக்கு இடமே தராத விடை. 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாகி, அவர் அதன் தலைவரானார். கேரளமெங்கும் கோயில்கள் எழுந்தன.

ஆயினும் ஒரு சமூகத்தின், ஒரு மதத்தின் குருவாகத் தம்மைக் குறுக்குவதை அவர் ஏற்கவில்லை. சாதி, மத வேறுபாடுகளைத் தாம் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன என்று 1916-இல் பகிரங்கமாக அறிவித்தார். இந்துக்கள் சிலரின் விருப்பத்துக்கு இணங்கியே கோயில்களை நிறுவியதாகவும், கிறிஸ்தவர், முகமதியர் முதலியோர் விரும்பினால் அவர்களுக்கு வேண்டியதையும் மகிழ்வுடன் செய்வதாகவும் அதில் தெளிவுபடுத்தினார். அவர் எந்த மதத்தவர் என்ற வழக்காடல் இன்றும் ஓயவில்லை. அவரது விடையோ நூறாண்டுக்கு முன்பே பதிவானது.

மறு ஆண்டில், இனிக் கோயில்களைவிடப் பள்ளிக்கூடங்களே தேவை என்று அறிவுறுத்தினார். பிரதிஷ்டைகளும் மாறின. 1920-இல் திருச்சூரை அடுத்த காரமுக்கில் தெய்வ உருவின் இடத்தில் விளக்கை வைத்தார். முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி ஆகிய சொற்களை நிறுவினார். 1927-இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் நிலைக்கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். வணங்க வருபவர் அங்கே காண்பது தம் முகத்தையே.

இதற்கிடையே 1924-இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே இக்கூட்டம் என்பது நுழைவாயிலில் எழுதப்பட்டிருந்தது. ஒடுக்குமுறை தாளாத ஈழவர்களிடையே மதமாற்றம் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்த நேரம் அது. மறு ஆண்டு சிவகிரிக்கு வந்த காந்தியடிகளும் இது குறித்து வினவினார். உலகியல் விடுதலைக்காக மக்கள் மதம் மாற விரும்புவதில் வியப்பில்லை என்றும், ஆன்ம விடுதலைக்கு இந்து சமயமே போதும் என்றும் குரு விளக்கினார்.

களவங்கோட்டில் கண்ணாடி நிறுவப்பட்ட அதே 1927-இல், தலச்சேரி ஜகந்நாதர் கோயில் வளாகத்தில் பக்தர்கள் இத்தாலியில் வார்க்கப்பட்ட குருவின் சிலையைத் திறந்து வைத்தனர். 1928 செப்டம்பர் 20-ஆம் நாள் வர்க்கலை சிவகிரியில் அவர் சமாதியடைந்தார்.