இரண்டு நூல்களை இணைத்தவர்!

குட்டீஸ், கையால் தைக்கும் ஊசிக்குக் காது மேல்பக்கம் இருக்கும். தையல் மெஷின் ஊசியைப் பார்த்திருக்கிறீர்களா? கூர்முனைக்குப் பக்கத்தில் காது இருக்கும். ஏன் என்று தெரிய வேண்டுமா? எலியாஸ் ஹோவ் கதையைப் படியுங்கள்.

1819-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் ஹோவ். பஞ்சாலையிலும் பட்டறையிலும் வேலை பார்த்தவர். அவர் செய்த மெஷினில், ஊசி துணிக்குள் நூலைக் கொண்டுபோகும். அப்போது நூல் சிறு வளையமாகும். தறியில் ஓடுவது போல ஒரு நாடா, அடிநூலுடன் அந்த வளையத்துக்குள் ஓடும். இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும்.

1846-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், மெஷினை வாங்க ஆளில்லை! பிழைப்பு தேடி இங்கிலாந்து போனார். அங்கும் வறுமைதான். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் மனைவி இறந்தார். அதற்குள் அவரது முறையில் மற்றவர்கள் மெஷின் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹோவ் சோர்ந்துவிடவில்லை. வழக்குப் போட்டு 1854-ல் வென்றார். புகழ்பெற்ற சிங்கரும் அவருக்குப் பணம் தர வேண்டியதாயிற்று. 1867-ல் ஹோவ் மறைந்தார்.

நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் கொக்கியை 1851-ல் கொண்டுவந்தவர் ஆலன் வில்சன். பூதலூரானாலும் தஞ்சாவூரானாலும், தையல் கடையில் சேலைக்கு ஓரம் அடிக்கும் ஜிக்ஜாக் மெஷினைக் கவனியுங்கள். ஊசி இடமும் வலமும் ஆடும். இரண்டு பக்கமும் கொக்கி சரியான நேரத்தில் வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். தவறினால் தையல் விட்டுப்போகும். மெக்கானிக் கொக்கியின் திருகைத் தளர்த்தி, நேரத்தைச் சரிசெய்து முடுக்குவார். ஹோவ் பயன்படுத்திய அந்தச் சின்ன வளையம்தான் இன்றும் உங்கள் சட்டையைத் தைக்கிறது!