சம்பு நாத் தே

சம்பு நாத் தே (பெப்ரவரி 1, 1915 – ஏப்ரல் 15, 1985) வாந்திபேதி எனப்படும் காலரா நோயை ஆய்ந்த இந்திய மருத்துவ அறிவியலாளர் ஆவார். வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் பிறந்த இவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1949 இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார்.

கழிவு கலந்த நீர் வழியே பரவும் காலரா பாக்டீரியா, உடலுக்கு எவ்வாறு கேடு செய்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. பாக்டீரியா வளர்ந்த நீர்மத்திலிருந்து பாக்டீரியாவை வடிகட்டி நீக்கியபின், இரு முனைகளும் கட்டப்பட்ட முயல் குடல் துண்டினுள் அதனைத் தே செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. ஆகவே நோய்க்குக் காரணம் பாக்டீரியா வெளியிடும் நச்சுப்பொருளே என 1959 இல் நேச்சர் இதழில் அறிவித்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத சோதனை இது.

இந்நச்சுக்கான மரபணுக்களை ஒரு வைரஸ் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா கடத்துகிறது என்பது 1996 இல் தெரியவந்தது. நீர்நிலைகளில் வாழும் தீங்கற்ற காலரா பாக்டீரியாவும் இவ்வாறு நோய்க்கிருமியாக மாறலாம். 1992 இல் முதலில் சென்னையில் அறியப்பட்ட ஓ139 வகையும் பிற பாக்டீரியாவின் மரபணுக்களைப் பெற்று உருவானதே. பழைய வகையால் மக்களுக்கு ஏற்பட்டிருந்த நோயெதிர்ப்பு அதனிடம் பலிக்கவில்லை.

இவற்றுக்கு முன்பே தே மறைந்துவிட்டார். நோபல் பரிசுக்கு இவரை யோசுவா லெடர்பெர்க் பரிந்துரைத்தார். 1978 இல் நோபல் கருத்தரங்கிலும் இவர் உரையாற்றினார். எனினும் இவர் வாழ்ந்த காலத்தில் இந்திய அறிவியல் கழகங்கள் எவையும் இவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வியப்புக்குரியது.