தையற்கார அப்போஸ்தலர்



1995ஆம் ஆண்டு தை மாதத்திலே கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்திய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரை உங்களுட் பலர் நேரிலே கண்டிருப்பீர்கள். அந்தப் பாப்பரசருக்கு இளமையிலே செப வாழ்வைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு தையற்காரர் என்பதை அறிவீர்களா?

அவர் பெயர் யான் திரனோவ்ஸ்கி. போலந்து நாட்டின் கிராக்கோ நகரிலே 1901இல் பிறந்தார். கணக்கர் வேலைக்குப் படித்தவர். ஆயினும் தந்தையாரின் தையற் தொழிலையே தமதாக்கிக் கொண்டார். மணம் முடிக்கவில்லை. அவரது சிறிய வீட்டிலே இருந்தவை தையல் மெஷின்களும் ஞானப் புத்தகங்களுந்தான்.

1935இல் ஒரு நாள், பங்குக் கோவிலிலே பிரசங்கம் செய்த சலேசிய சபைக் குருவானவர், புனிதராவது எவருக்கும் கடினமானதல்ல என்ற கருத்தைச் சொன்னார். எத்தனையோ பேர் கேட்டு மறந்திருக்கக்கூடிய அந்தச் சொல்லை யான் மறக்கவில்லை. அன்று தொட்டு வேலைக்கும் செபத்துக்கும் நேரம் வகுத்து, நாள்தோறும் நெடுநேரம் தியானத்தில் இருந்தார். தொழிலை விட்டுவிட்டு மடத்துக்குப் போகவில்லை. துணி வெட்டி, தைத்து, அந்த வருவாயிலேயே வாழ்ந்தார்.

1939இல் ஜேர்மன் நாசிப் படைகள் போலந்தைக் கைப்பற்றின. குருக்களுக்கு ஆபத்து நெருங்கிய வேளையிலே, பங்கின் இளைஞர்களை வழிநடத்தும் பொறுப்பு இந்தத் தையற்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1941 வைகாசியில் பங்கின் சலேசியக் குருக்களை இரகசியப் பொலிசார் பிடித்துச் சென்றனர். அவர்களுட் பலர் ஒளஸ்விச் வதைமுகாமிலே மாண்டனர்.

யான் அஞ்சி ஒதுங்கவில்லை. வாழும் செபமாலை என்ற குழுக்களை அமைத்தார். ஒரு குழுவுக்குப் பதினைந்து இளைஞர். அக்காலத்துச் செபமாலையின் பதினைந்து தேவ இரகசியங்களில் ஆளுக்கொன்று. அதைத் தியானித்து, அதன்படி வாழவும் வேண்டும். இத்தகைய கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டால் சிறையோ வதைமுகாமோ காத்திருந்தது. ஆதலால் இளைஞர்கள் ஓசைப்படாமல் அவர் வீட்டுக்கு வந்து போயினர்.

தொடக்கத்திலே அவரை எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. கோவிலிலே தம்மை உற்று நோக்கிய அவரை உளவாளியோ என்றுகூட ஓர் இளைஞர் ஐயுற்றார். பேச்சுத்திறனும் அவருக்கு இல்லை. ஆனால் தாம் போதித்ததை வாழ்ந்து காட்டினார். அதுவே இளைஞரை ஈர்த்தது.

அவர்களுள் ஒருவரே கரோல் வொய்த்தில்லா. தாயையும் தமையனையும் சிறுவயதில் இழந்தவர். 1941 மாசியில் தந்தையையும் இழந்து தனித்துப் போனார். கல்லுடைக்கும் வேலை செய்து வந்த அந்த இளைஞருக்குப் புனித சிலுவை அருளப்பரின் நூல்களை அறிமுகம் செய்தவர் யான். கரோல் 1946 கார்த்திகை முதலாம் நாள் குருவானார். சில நாட்களில் மேற்படிப்புக்காக உரோமைக்குப் புறப்பட்டார்.

அப்போது யான் கொடிய நோயினால் வருந்திக்கொண்டிருந்தார். நோவையெல்லாம் பொறுமையோடு ஏற்று, 1947 பங்குனி 15ஆம் நாள், தமது நாற்பத்தாறாவது வயதிலே, இறைவனடி சேர்ந்தார். அவருடைய மாணவர் 1978இல் பாப்பரசரானதை அவர் இவ்வுலகில் இருந்து காணவில்லை. ஆனால் கரோல் அவரை மறக்கவில்லை. 1949இல் கிராக்கோவின் கத்தோலிக்க வார ஏடொன்றிலே அவரைப் பற்றி எழுதி, அக்கட்டுரைக்கு அப்போஸ்தலர் என்றே தலைப்பிட்டார். 2017இல் திருச்சபை யானை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

வாசகர்களே, நம் பங்குகளிலும் தையற்காரர், தச்சர், மேசன்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள்! குருவானவர் இல்லாத நாளிலே கோவிலைத் திறந்து செபமாலை சொல்லுவிப்பவர்களும் அவர்களுட் சிலரே. நீங்கள் செபிக்கக் கற்றுக் கொடுக்கும் பிள்ளை நாளை என்ன ஆவான் என்பதை நீங்கள் காணாமற் போகலாம். கவலை வேண்டாம். மரணத்தோடு நம் உழைப்பு முடிந்து போவதில்லை. உயிர்த்த ஆண்டவரின் கையிலே அது பத்திரமாக இருக்கிறது. இன்று மாலை உங்கள் பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு தேவ இரகசியமாவது சேர்ந்து சொல்லுங்கள்.