வானிற் பொருத வங்க வீரர் இந்திரலால் றோய்

றைற் சகோதரர்கள் முதன்முதல் ஆகாய விமானத்திற் பறந்தது 1903 ஆம் ஆண்டிலே. அதற்குப் பதினைந்தாண்டு நிறையுமுன்னரே மனிதர் அவ்விமானங்களில் ஏறி, மேகங்களுக்கிடையே ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தக் கற்றுவிட்டனர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டு வானிலே நடந்த அந்தப் போருக்குச் சென்ற விமானிகள் பெரும்பாலும் தாமாகவே கேட்டுச் சென்றவர்கள். அவர்களிடையே இந்தியர் நால்வரின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கின்றது. ஹர்தித் சிங் மாலிக், சிறீ கிருஷ்ண வெலிங்கர், எறொல் சென், இந்திரலால் றோய் என்போரே அந்நால்வர். அவர்களுள் ஒருவரான இந்திரலாலின் வாழ்வு எமது சங்கத்து இளைஞர் அறிந்திருக்க வேண்டியதொன்று.

இந்திரலால் 1898 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பியாரிலால் றோய் பேர்பெற்ற பாரிஸ்டர். தாயார் லலிதா றோய். தாய்வழிப் பாட்டனார் மேனாட்டு வைத்தியம் கற்ற முதல் இந்தியர் சிலருள் ஒருவர். பிள்ளைகளின் படிப்பின் பொருட்டுத் தாயார் அவர்களோடு இலண்டனிற் குடியேறினார். அங்கே பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர். 1911 ஆம் ஆண்டு இலண்டன் வீதிகளில் நடந்த பெரும் பெண்கள் ஊர்வலத்திலே சேலையணிந்து சென்ற இந்தியப் பெண்களிடையே அவரும் நடந்தார். கேட்காமல் எந்த உரிமையும் கிடைப்பதில்லை என்பதை இந்திரலால் தம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார் என்று கொள்ளலாம்.

அவர் ஹமர்சிமித்திலுள்ள சென். போல்ஸ் கல்லூரியிற் பயின்றார். அடுத்து ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலைக்குச் செல்வதற்கு உபகாரச் சம்பளமும் கிடைத்திருந்தது. ஆனால் பையனின் மனம் வானிலே இருந்தது. றோயல் பிளையிங் கோர் என்னும் அக்காலத்து விமானப்படையிற் சேர விண்ணப்பித்தார்; கண்பார்வை போதாது என்று திருப்பி விட்டார்கள். வேறொரு பையனாயின் அத்துடன் நின்றிருப்பான். இந்திரலாலோ தமது மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் மறுபடியும் கண்ணைச் சோதிப்பித்து, முந்திய தீர்ப்பை மாற்றுவித்தார் என்பர். 1917 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் படையிற் சேர்ந்து, யூலை மாதத்தில் இரண்டாம் லெப்டினன்ற் ஆனார். அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயது. பிரித்தானியப் படையிலே போரிடும் அதிகாரிப் பதவி இந்தியருக்கு வழக்கமாகக் கொடுக்கப்படாத காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அந்தக் கதவு சிறிதளவேனும் திறந்தது அவ்வாண்டு ஓகஸ்டிலேதான்.

பயிற்சி முடிந்து ஒக்டோபர் இறுதியில் 56 ஆம் விமானப் பிரிவிற் சேர்ந்தார். டிசம்பர் 6 ஆந் திகதி அவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. உணர்வற்றுக் கிடந்தவரை இறந்தவரென்று எண்ணிப் பிணவறையிற் கிடத்தி விட்டனர் என்றும், நினைவு திரும்பியதும் அவர் உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. எவ்வாறாயினும் பலத்த காயம் பட்டார் என்பதும், இனிப் பறக்கத் தகுதியில்லை என்று வைத்தியர் கூறினர் என்பதும் உண்மை.

சக்கரவியூகத்தினுள் நுழையக் கற்ற அபிமன்யு வெளியே வரக் கற்கவில்லை என்று பாரதத்திற் படித்திருக்கிறோம். இந்திரலாலுக்கோ வெளியே வரும் வழி தானாகவே திறந்தது. மானக் குறைவு சிறிதுமின்றி வீடு திரும்பியிருக்கலாம். எவரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நோய்ப்படுக்கையிற் கிடந்தபடி விமானங்களின் படங்களை வரைந்து கொண்டிருந்தார். பின்னர் மேலதிகாரிகளை விடாமல் வேண்டி, மீண்டும் பறக்க அனுமதி பெற்றார். முதன்முறை போனவர் விமானப் போர் இன்னதென்று அறியாத பள்ளிப்பையன். இரண்டாம் முறை போனவர் மரணத்தின் வாசலைக் கண்டு திரும்பியவர். எம் உள்ளத்தில் அவரை உயர்த்தி வைப்பது அவர் பெற்ற வெற்றிகளினும் இந்த இரண்டாம் விண்ணப்பமே.

1918 ஆம் ஆண்டு யூன் 19 ஆந் திகதி 40 ஆம் விமானப் பிரிவிற் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தலைவராக வாய்த்தவர் கப்டன் மக்கெல்றோய் என்னும் அயர்லாந்து வீரர். துணிவும் நிதானமும் ஒருங்கே உடையவர். எப்பொழுது பாய்வது, எப்பொழுது விலகுவது என்பதை அவரிடம் இந்திரலால் கற்றார்.

அவர் ஓட்டிய எஸ். ஈ. 5ஏ விமானத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடல். விமானி இருக்குமிடத்துக்குக் கூரையில்லை. இரண்டு யந்திரத் துப்பாக்கிகள். ஒன்று சுழலும் விசிறியின் அலகுகளிற் படாமல் அவற்றினிடையே சுடும். மற்றையது மேற்சிறகின் மேல் இருக்கும். அதிலுள்ள தொண்ணூற்றேழு குண்டுகள் தீர்ந்தால், விமானி அத்துப்பாக்கியைக் கீழே இழுத்து, வீசும் காற்றிலே புதிய குண்டுப் பெட்டியைப் பொருத்த வேண்டும். எதிரி பின்னால் வந்து கொண்டிருக்கும் வேளையிலும் இதைச் செய்தாக வேண்டும். பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் கொடுக்கப்படவுமில்லை. விமானம் தீப்பற்றினால் தப்ப வழியில்லை.

யூலை 6 ஆந் திகதி முதல் வெற்றி. 8 ஆந் திகதி நான்கு மணி நேரத்துள் மூன்று. 13 ஆந் திகதி இரண்டு, 15 ஆந் திகதி இரண்டு, 18 ஆந் திகதி ஒன்று, 19 ஆந் திகதி ஒன்று. பதினான்கு நாட்களுள் மொத்தம் பத்து. இவற்றுள் இரண்டு வேறு விமானிகளோடு பகிர்ந்தவை. நிலைகுலைந்து விழக் கண்ட எதிரி விமானங்களையும் வெற்றியென்றே கணக்கிடுவது அக்காலத்துப் பிரித்தானிய வழக்கம். ஆதலால் பத்தும் தரையில் நொறுங்கியவை என்று எண்ணலாகாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் பத்தொன்பது வயது இளைஞருக்கு இது வியத்தகு செயலே. ஐந்து வெற்றி பெற்றவரை ஏஸ் என்று சிறப்பித்த காலம் அது. அப்பெயருக்குரிய முதல் இந்தியர் இவரே.

யூலை 22 ஆந் திகதி வேறு இரு விமானங்களோடு இந்திரலால் காவற்பறப்பிற் சென்றார். கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஜேர்மானியரின் பொக்கர் விமானங்கள் நான்கு அவர்களை எதிர்த்தன. அந்தப் போரில் அவருடைய விமானம் தீப்பற்றி, எதிரியின் கையிலிருந்த நிலத்தில் வீழ்ந்தது. இருபதாம் பிறந்த நாளுக்கு இன்னும் நான்கு மாதத்திற்குமேல் இருந்தது. ஒன்பது நாட் கழித்து மக்கெல்றோயும் மாண்டார். செப்டம்பர் மாதத்தில் இந்திரலாலுக்கு டிஸ்டிங்குயிஷ்ட் பிளையிங் குறொஸ் என்னும் விருது அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். வாங்க அவர் இல்லை.

ஆளப்பட்ட நாட்டு இளைஞர் ஆண்டவர்களின் போரிலே உயிர் கொடுத்தது தகுமா என்று இளைஞர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் இறந்த மறு வருடமே ஜாலியன்வாலாபாக்கில் அதே அரசின் துப்பாக்கிகள் இந்தியர் மீது பாய்ந்தன. போர் முடிந்ததும் விமானப்படை அதிகாரிப் பதவியை இந்தியருக்கு மறுபடியும் மூடி விட்டார்கள். நால்வருள் வெலிங்கர் போரிலே மாண்டார். சென் சிறைப்பட்டு மீண்டார். காலிற் குண்டுபட்டும் தப்பிய மாலிக் பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் தூதராக விளங்கி 1985 இல் மறைந்தார். வானில் இந்தியரின் கண்ணும் கையும் எவருக்கும் இளைத்தவையல்ல என்பதற்கு இந்நால்வரும் சாட்சி கூறியிருக்க, அவர்களுடைய நாட்டவருக்குக் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரி திறக்கப்பட்டது 1930 இலேதான். முதலில் அங்கு சென்ற அறுவருள் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. அவர் இந்திரலாலின் மருமகன் முறையானவர். 1954 ஆம் ஆண்டு இந்திய விமானப்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் அவரே.

கல்கத்தாவிலே ஒரு வீதி இந்திரலாலின் பெயரைத் தாங்கியுள்ளது. 1998 இல், நூற்றாண்டு நினைவாக, இந்திய அரசு அவர் உருவம் பொறித்த முத்திரையொன்றை வெளியிட்டது. அவருடைய உடல் பிரான்சிலே எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொது மயானத்தில் இருக்கின்றது. அந்தக் கல்லறையில் வங்க எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.