ஃபுல்லர் பார்க்காத பந்து

பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன். கெமிஸ்ட்ரி புத்தகத்துல இந்தப் பேரைப் பார்த்து வாய் குழறாத ஆளே இருக்க முடியாது. ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் கெமிஸ்ட் கிடையாது. அவர் காலேஜ்கூட முடிக்கல.

ரிச்சர்ட் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1895-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்தார், ரெண்டு தடவை வெளியே அனுப்பிட்டாங்க. 1922-ல் நாலு வயசுகூட நிரம்பாத மூத்த மகள் நோயில் இறந்துபோனாள். 1927-ல் மாமனாரோடு சேர்ந்து தொடங்கின கம்பெனியில் இருந்த வேலையும் போச்சு. அப்போ வீட்டில் ஒரு கைக்குழந்தை. அவருக்கு வயசு 32.

அதுக்கப்புறம் ஒரே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டார்: குறைஞ்ச பொருளை வெச்சு அதிக இடத்தை எப்படி மூடுறது? 1948-ல் பிளாக் மவுன்டன் காலேஜில், மாணவர்களோடு சேர்ந்து ஜன்னல் மறைப்புப் பட்டைகளால் ஒரு குவிமாடம் கட்டிப் பார்த்தார். அது எழும்பவே இல்லை, தரையோட படுத்துடுச்சு. அடுத்த வருஷம் வேற பொருளோடு திரும்ப வந்தார். நின்னுச்சு! 1954-ல் ஜியோடெசிக் குவிமாடத்துக்குப் பேட்டன்ட் கிடைத்தது. 1967 மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் அவர் கட்டினது 76 மீட்டர் அகலம். அதைப் பார்த்தவர்களில் ஹாரி குரோட்டோ என்ற இங்கிலாந்து வேதியியலாளரும் ஒருத்தர்.

1983 ஜூலை 1-ல் ஃபுல்லர் இறந்தார்.

1985 செப்டம்பரில் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூணு பேரும் மாணவர்களோடு சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினாங்க. சரியா 60 கார்பன் அணு உள்ள மூலக்கூறு மட்டும் அசாதாரண அளவில் வந்தது. தட்டையா இருந்தா ஓரத்து அணுக்களுக்குப் பிணைப்பு மிச்சம் இருக்கும், மற்றதோட வினைபுரியும். இதுவோ எதுக்கும் அசையல. அப்போ ஓரமே இல்லாத வடிவம் எது? குரோட்டோவுக்கு மாண்ட்ரியல் குவிமாடம் ஞாபகம் வந்தது. ஸ்மாலி ராத்திரி உட்கார்ந்து காகிதத்தை வெட்டி ஒட்டினார். 20 அறுகோணம், 12 ஐங்கோணம், அப்படியே ஃபுட்பால். அறுகோணம் மட்டும் இருந்தா தட்டையாவே போகும். வளைச்சு மூடுறது அந்த 12 ஐங்கோணம்தான். ஃபுல்லர் பேரையே வெச்சாங்க. 1996-ல் மூணு பேருக்கும் நோபல்.

ஃபுல்லருக்கு இது எதுவுமே தெரியாது.

ப்ராஜெக்ட் ரிவ்யூல நம்ம மாடல் வேலை செய்யாத அன்னிக்கெல்லாம் எனக்கு 1948-ல் படுத்துப்போன அந்தக் குவிமாடம்தான் ஞாபகம் வருது. அதை அதோட விட்டிருந்தார்னா, குரோட்டோவுக்கு ஞாபகம் வர மாண்ட்ரியலில் எதுவும் நின்னிருக்காது.