குழலிசை மாலி: கேள்வி ஞானத்தால் உயர்ந்த கலைஞர்

நம் மர்பி டவுனிலும் அல்சூர்ப் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இசை பயிலும் சிறுவர் சிறுமியர் உளர். வாய்ப்பாட்டும் வயலினும் கற்போர் போக, புல்லாங்குழலைக் கையில் எடுப்போரும் உண்டு. மூங்கில் மலிவானது, தூக்கிச் செல்லவும் எளிது. அதில் சுரம் சுத்தமாகப் பிறப்பதோ எளிதன்று. அவ்வருமையை விளக்குவதற்கு ஏற்ற வாழ்க்கை ஒன்றை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். மாலி என்று இசையுலகம் அன்போடு அழைத்த டி. ஆர். மகாலிங்கம் பெங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவராதலின், அவரை நம்மவர் என்று சொல்லிக் கொள்ள நமக்கு உரிமையுண்டு. திரைப்படங்களில் நடித்துப் பாடிப் புகழ் பெற்ற டி. ஆர். மகாலிங்கம் வேறொருவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவோர் இன்றும் உளராகையால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

மாலி 1926ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் காவிரி பாயும் திருவிடைமருதூரில் பிறந்தார். வீட்டுப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தவர் ஜால்ரா கோபாலய்யர். மாலிக்கு முதலில் வாய்ப்பாட்டே சொல்லித்தரப்பட்டது என்பர். ஆயினும் பிள்ளையின் மனம் குழலையே நாடியது. பிறருக்கு நடக்கும் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, காதில் விழுந்ததை யாரும் காட்டிக் கொடாமலே விரலுக்குக் கொண்டுவந்தார். அவர் முதலில் வாசித்தது பைரவி இராகத்து அட தாள வர்ணம் என்று கூறுவது வழக்கம்.

இச்செய்தியின் அருமை குழலின் அமைப்பை அறிந்தார்க்கே விளங்கும். வீணையில் மெட்டு உண்டு. ஆர்மோனியத்தில் கட்டை உண்டு. அவற்றில் சுரத்தின் இடம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. நம் குழலிலோ ஊதும் துளையன்றி விரலுக்குரியவை எட்டே துளைகள். மேலிரண்டு துளைகளை மூடி ஊதினால் சட்ஜம். மற்றத் துளைகளை முழுதாக மூடியும் திறந்தும் ஊதினால் இயல்பாகக் கிடைப்பது அரிகாம்போதியின் சுரங்கள். பைரவியின் சாதாரண காந்தாரத்துக்கோ தனித்துளை இல்லை. துளையைப் பாதி மூடித்தான் அதனைப் பிறப்பிக்க வேண்டும். மேலும் பைரவிக்குத் தைவதம் இரண்டு. ஏறும்போது வரும் சதுச்ருதி தைவதம் இயல்பாகக் கிடைக்கும். இறங்கும்போது வரும் சுத்த தைவதத்தை விரலைச் சாய்த்தே தேடியாக வேண்டும். பாதி என்பது எவ்வளவு பாதி? அதை எந்தக் குறிப்பேடும் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். பதினான்கு அட்சரம் கொண்ட தாளத்தில் இவ்வளவையும் ஒரு சிறுவன் கேள்வியாலேயே பிடித்தான் என்றால், அவன் விரலுக்கு முன்னரே செவி தேர்ந்திருந்தது என்பது தெளிவு.

இன்னொன்றும் உண்டு. கச்சேரி நடக்க நடக்க, மூச்சின் வெப்பத்தால் குழல் சூடேறிச் சுருதி சிறிது உயரும். தம்பூராவோ இருந்த இடத்திலேயே இருக்கும். உதட்டைச் சற்றே திருப்பியும் மூச்சைத் தளர்த்தியும் அவ்வேறுபாட்டைக் கணந்தோறும் சரிசெய்வது குழல் வித்துவானின் கடமை. தம்பூராவை மறந்து வாசிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது, அவைக்குத் தெரியும்.

1933ஆம் ஆண்டு, ஏழு வயது அளவில், சென்னை மயிலாப்பூரில் தியாகராஜ உற்சவத்தில் மாலியின் முதற் கச்சேரி நிகழ்ந்தது. முசிரி சுப்பிரமணிய அய்யரும் பரூர் சுந்தரம் அய்யரும் கண்ணேறு படாதிருக்கக் குழந்தைக்குச் சால்வை போர்த்தினர் என்று சொல்வர்.

அக்காலத்தில் குழலுக்குப் பெரும் பெயர் பல்லடம் சஞ்சீவ ராவினுடையது (1882–1962). அவருடைய ஆசிரியர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) கண்பார்வை இழந்தவர். பிற கருவிகளுக்கு நடுவே ஒலித்து வந்த குழலைத் தனிக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய முன்னோடி அவரே. செவி ஒன்றையே துணையாகக் கொண்டவரிடமிருந்து தொடங்கிய மரபு இது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது.

மாலி அம்மரபை அப்படியே பின்பற்றினாரல்லர். பழைய வாசிப்பில் சுரங்கள் முத்து முத்தாகத் தனித்து ஒலித்தன. மாலியின் செவி வாய்ப்பாட்டில் தோய்ந்தது. பாடகர் குரலில் இழையும் கமகமும் அசைவும் மூங்கிலிலும் வர வேண்டுமென விரும்பினார். அதற்காக விரல் வைக்கும் முறையையும் உதட்டின் பிடியையும் மாற்றிக் கொண்டார். கனத்த குழலைக் கையாண்டார். விளம்பத்தில் நிதானமாக இராகத்தை விரிப்பதில் அவருக்கு நிகர் அரிது. புதுமை விரலில் தெரிந்தாலும் அதன் காரணம் செவியில் இருந்தது என்பதே நம் துணிபு. நாம் பிள்ளைகளை ஆண்டுக்கொரு மேடையேற்ற அவசரப்படுகிறோம். அவர்கள் நல்ல பாட்டை உட்கார்ந்து கேட்கும் நாழிகையைக் கணக்கிடுவோர் சிலரே.

இத்தகைய கலைஞரின் வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. கச்சேரிக்கு வராதிருப்பார், வந்தும் நெடுநேரம் வாசியாதிருப்பார், நடுவில் எழுந்து செல்வதும் உண்டு. மதுப்பழக்கமும் அவரை வருத்தியது. மேதைக்கு இவையெல்லாம் அழகு என்று சிலர் பாராட்டுவதை நாம் ஏற்கோம்; சீட்டு வாங்கிக் காத்திருந்த ரசிகரின் ஏமாற்றம் உண்மையானது. ஆயினும் அவர் வாசித்த மாலைகளில், அதே ரசிகர்கள் முன்னைய ஏமாற்றங்களை மறந்து மீண்டும் மீண்டும் வந்தனர் என்பதும் உண்மையே.

பிற்காலத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து தாயகம் திரும்பினார். 1986ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் மாணவர்களுள் என். ரமணி (1934–2015), டி. எஸ். சங்கரன் (1930–2015) ஆகியோர் அவ்வழியைப் பல்லாண்டு வளர்த்தனர். மாலியின் ஒலிப்பதிவுகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. குழல் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பாடத்துக்கு முன் ஒரு பைரவியைக் கேட்கச் செய்து, அந்தக் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று அவர்களையே வினவலாம்.