தடையை அளந்த ஆசிரியர்

கவிதை மணக்கும் இப்பத்தாம் ஆண்டு மலரில் இயற்பியலார் ஒருவரின் வாழ்க்கைக்கு இடம் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். சுத்துக்கேணியில் அந்தி சாய்ந்தபின் நாம் கவியரங்கம் காண்பது மின்விளக்கின் ஒளியில்தானே! அவ்விளக்கிற் பாயும் மின்சாரத்தின் கணக்கை முதன்முதலில் வகுத்துரைத்தவர், தம் காலத்தவரால் நெடுநாள் மதிக்கப்படாத ஒரு பள்ளி ஆசிரியர். எழுதியதை ஏற்பாரின்றி வருந்துதல் எழுத்தாளர் எவரும் அறிந்த துயரம் அன்றோ?

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளர். பள்ளிக் கல்வி குறைவாயினும், தாமே முயன்று கற்ற கணிதத்தைத் தம் மைந்தர்க்கும் ஊட்டினார். பத்து வயதில் ஓம் அன்னையை இழந்தார். 1811இல் முனைவர் பட்டம் பெற்றும் தக்க பதவி வாய்க்கவில்லை. 1817இல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அப்பள்ளியின் ஆய்வுக்கூடமே அவருக்குத் தவச்சாலை ஆயிற்று.

அக்கால மின்கலங்களின் வலிமை நிலையாக நில்லாது. ஆதலின் அவர் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, காந்த ஊசியின் விலகலால் மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகும். தடை மிகுந்தால் அது குறையும் என்பது அவர் கண்ட உண்மை.

இதனை நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலேயே காணலாம். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயுமாயின், முன்னதைப் பின்னதால் வகுக்க, தடை 46 ஓம் ஆகும். அவ்விரண்டையும் பெருக்கினால் திறன் 1150 வாட் எனக் கிடைக்கும். தடையுள்ள கம்பியில் மின்னோட்டம் வெப்பமாக மாறும் கணக்கை 1841இல் ஆங்கிலேயராகிய ஜூல் வெளியிட்டார். தடை இல்லையேல் இஸ்திரிப் பெட்டியில் சூடில்லை. இழை விளக்கில் சுடருமில்லை.

1827இல் ஓம் தம் கொள்கையைப் பெர்லினில் நூலாக வெளியிட்டார். இயற்கையைக் கணிதத்தின் வழியே விளக்குவதை அந்நாட்டு அறிஞர் பலர் விரும்பாமையால் நூலுக்கு வரவேற்பு இல்லை. எதிர்நோக்கிய பல்கலைக்கழகப் பதவியும் கிட்டவில்லை. மனம் நொந்து 1828இல் கொலோன் பணியைத் துறந்து, பெர்லினில் கணிதம் கற்பித்துக் காலம் கழித்தார். 1833இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான பணி அமைந்தது.

முதற்பெருஞ்சிறப்பு அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1841இல் இலண்டன் அரசக் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. வாழ்நாளெல்லாம் விரும்பிய இயற்பியல் பேராசிரியர் பதவியை மியூனிக்கில் 1852இல் எய்தியபோது அவருக்கு அகவை அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் நாள், அந்நகரிலேயே மறைந்தார்.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது. வாழ்நாளெல்லாம் தடைகளைச் சந்தித்தவரின் பெயரே தடையின் அளவாக நிலைபெற்றது. தம் படைப்பு உடனே போற்றப்படவில்லையே என்று கலங்கும் இளங்கவிஞர், விளக்கை ஏற்றும்போது அந்த ஆசிரியரை ஒருகணம் நினைப்பாராக.